வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட்: முதலில் தெரு, பிறகு கம்பெனி, கடைசியில் ஸ்பீடு

வீட்டுக்கு ஃபைபர் போடலாம் என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் போனை எடுத்து நாலு கம்பெனிகளின் பிளான்களை ஒப்பிட ஆரம்பிப்பார்கள். எங்கே 100 எம்பிபிஎஸ் மலிவு, எதில் ஓடிடி சேர்ந்து வருகிறது, எதில் இன்ஸ்டலேஷன் இலவசம் என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் "நம்ம ஏரியாவுக்கு வருதா?" என்ற கேள்வியே வரும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். உங்கள் வீட்டு இன்டர்நெட் ஒழுங்காக ஓடுமா என்பது, தெருக் கம்பத்திலிருந்து உங்கள் ஜன்னல் வரை வரும் கடைசி வயரைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பொறுத்தது. அவர் யார், கூப்பிட்டால் வருவாரா என்று தெரிந்த பிறகு பிளானைப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் மாதம் 400 முதல் 700 ரூபாய்க்குள் நல்ல கனெக்‌ஷன் தேடும் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த விலைக்கு ஃபைபர் கிடைப்பதே சில ஆண்டுகளாகத்தான். 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் வந்தபோது அதன் ஆரம்ப பிளானே 699 ரூபாய். டேட்டாவுக்கும் வரம்பு இருந்தது. அடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, பெரியவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை என்றானதும் மொபைலின் தினசரி ஒன்றரை ஜிபி மத்தியானத்துக்குள் தீர்ந்தது. 2020 ஆகஸ்ட் கடைசியில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், 699க்கு 100 என்று பிளான்களை மாற்றியது. சில நாட்களில் ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் அறிவித்தது. பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்கு 30 கொண்டுவந்தது. மக்களுக்குத் தேவை இருந்தது, கேட்டார்கள், விலை இறங்கியது.

அப்படியிருந்தும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2024 இறுதிக் கணக்குப்படி நாட்டில் சுமார் 90 கோடி மொபைல் பிராட்பேண்ட் இருக்க, வயர் வழியாக வரும் பிராட்பேண்ட் 4 கோடிச் சொச்சம்தான். வேண்டாம் என்று மக்கள் ஒதுங்கி நிற்கவில்லை. பல தெருக்களுக்கு வயர் வரவில்லை; வந்த இடங்களிலும் ஒருமுறை அறுந்தால் ஒரு வாரம் ஆள் வராத அனுபவம் பலரைத் திரும்ப மொபைலுக்கே அனுப்பிவிட்டது. அதனால்தான் தெருவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படி 1: தெருவில் விசாரியுங்கள்

ஒரு சாயங்காலம் உங்கள் தெருவில் தலையை நிமிர்த்தி நடந்து பாருங்கள். ஈபி கம்பங்களிலும் மொட்டை மாடிகளுக்கு நடுவிலும் கறுப்பு வயர்கள் ஓடும். ஆங்காங்கே கம்பத்தில் கட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து மெல்லிய வயர்கள் பிரிந்து வீடுகளுக்குப் போகும். ஒரு ஃபைபரில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது உங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று கம்ப தூரத்தில் இருந்தால், அந்தக் கம்பெனியின் கனெக்‌ஷன் கிடைப்பது பெரும்பாலும் சுலபம். தெருவிலேயே பெட்டி இல்லை என்றால், கால் சென்டரில் "கவரேஜ் இருக்கு சார்" என்று சொன்னாலும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். வயரைப் பார்த்த பிறகு கட்டலாம்.

அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணி வரை எப்படி ஓடுகிறது? காலை 11 மணிக்கு எல்லா கனெக்‌ஷனும் பறக்கும். எல்லோரும் வீட்டுக்கு வந்து டிவி போடும் நேரத்தில்தான் உண்மை தெரியும். உங்கள் ஏரியாவுக்கென்று ஆபரேட்டர் மேலிடத்தில் வாங்கி வைத்திருக்கும் மொத்த இணைய அளவு (பேண்ட்வித்) போதாவிட்டால், நீங்கள் 50 வாங்கினாலும் 200 வாங்கினாலும் அந்த நேரத்தில் திணறத்தான் செய்யும். முடிந்தால் பக்கத்து வீட்டிலேயே ராத்திரி 9 மணிக்கு ட்ராயின் மைஸ்பீடு ஆப்பிலோ வேறு ஸ்பீடு டெஸ்ட்டிலோ ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது: கடைசியாக லைன் எப்போது அறுந்தது, எத்தனை நாளில் சரியானது? அறுந்ததா என்று கேட்க வேண்டாம், அறுந்திருக்கும். அணில் கடிக்கும். உயரமாக லோடு ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது மண்ணுக்குள் போகும் மெயின் கேபிள் வெட்டுப்படும். புயல், மழை முடிந்து விழுந்த மரங்களை அறுக்கும்போது அதோடு சேர்ந்து வயரும் போகும். அறுந்ததை எத்தனை மணி நேரத்தில் ஒட்டுகிறார்கள் என்பதில்தான் ஒரு சர்வீஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அதே நாளோ மறுநாளோ என்றால் தாராளமாகப் போடலாம். நாலு நாள், ஒரு வாரம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது கேள்வி எனக்கு மிக முக்கியமானது: லைன் போனால் யாருக்கு போன் செய்வீர்கள்? "நம்ம கேபிள்காரருக்கு" என்றோ, ஒரு டெக்னீஷியன் பெயரைச் சொல்லியோ பதில் வந்தால் நல்ல அறிகுறி. "ஆப்பில் கம்ப்ளெயின்ட் போடுவோம், வருவாங்க" என்றால் இன்னும் இரண்டு வீட்டில் விசாரியுங்கள்.

இவ்வளவு விசாரிக்கக் காரணம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் கனெக்‌ஷன்கூட பல ஊர்களில் உள்ளூர் ஆட்கள் கையில்தான் இருக்கிறது. பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் வருமானப் பங்கு அடிப்படையில் உள்ளூர் பார்ட்னர்கள் நடத்துகிறார்கள். அவர்களில் பலர் நேற்றுவரை கேபிள் டிவி நடத்தியவர்கள். மற்ற கம்பெனிகளும் வயர் இழுக்கவும் பழுது பார்க்கவும் கான்ட்ராக்ட் ஆட்களை வைத்திருக்கின்றன. ஆகவே ஒரே பெயரில் வரும் சர்வீஸ் ஒரு தெருவில் தங்கமாகவும் அடுத்த தெருவில் தலைவலியாகவும் இருக்கும். வேறு ஊர்க்காரர் ஒருவர் இணையத்தில் கொடுத்த ஐந்து ஸ்டாரோ ஒரு ஸ்டாரோ உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் அசோசியேஷனிடம் முதலில் பேசுங்கள். சில கட்டடங்களில் ஒரே ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வேறு யாரையும் கட்டடத்துக்குள் வயர் போகும் டக்ட் பக்கமே விடமாட்டார்கள். இது குடியிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். பொதுக்கூட்டத்தில் எழுப்ப வேண்டிய விஷயம். இரண்டு கம்பெனிகள் உள்ளே இருந்தால்தான் இருவருமே ஒழுங்காக வேலை செய்வார்கள். புதிதாக ஃப்ளாட் வாங்குகிறவர்கள் தண்ணீர், பார்க்கிங் கேட்பதுபோல ஃபைபர் டக்ட் பற்றியும் கேளுங்கள். கட்டடங்களுக்கு இணைய வசதி ரேட்டிங் கொடுப்பதற்கான விதிமுறையை ட்ராய் 2024இல் வெளியிட்டிருக்கிறது. பில்டரிடம் கேட்க அது ஒரு பிடி. வாடகை வீடு என்றால், சுவரில் ஓட்டை போடும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வயரே வராத இடத்தில்

ஏர்ஃபைபர் என்ற பெயரில் விற்பது 5ஜி டவரிலிருந்து காற்றில் வரும் இணைப்பு. மாடியிலோ ஜன்னலிலோ ஒரு ரிசீவர் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குள் வைஃபை கொடுப்பார்கள். 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் இதைத் தொடங்கின. வயர் வராத தெருவுக்கு இது நல்ல வழிதான். ஆனால் பெயரில் ஃபைபர் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. டவரில் கூட்டம் கூடும்போது வேகம் இறங்கும். பல பிளான்களில் மாதம் 1 டிபி (1,000 ஜிபி) தாண்டினால் வேகம் குறையும். விற்க வருபவரிடம் "வீட்டுக்குள்ள வயர் வருமா, டவர் சிக்னலா?" என்று நேராகக் கேளுங்கள். வயர் ஃபைபர் கிடைக்கும் இடத்தில் அதையே எடுங்கள்.

கிராமத்தில் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் என்கிற அரசு நிறுவனம் எடுத்துச் செய்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு பாரத்நெட்டுக்கு 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கி, ஊராட்சியைத் தாண்டிக் கிராமங்கள்வரை கொண்டுபோக ஒப்புதல் கொடுத்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த ஃபைபரை வீடுகளுக்கு இழுக்க உள்ளூரில் ஒருவர் முன்வர வேண்டும். பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, பெயர், போன் நம்பரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பக்கத்து ஊர் ஆபரேட்டரிடம் கொடுத்தால், அவருக்கு வயர் இழுக்கும் செலவு தேறும் என்ற கணக்கு உடனே புரியும். தனியாக ஒரு வீடு கேட்டால் எந்த ஆபரேட்டரும் யோசிக்கத்தான் செய்வார்.

படி 2: ஸ்பீடு எவ்வளவு வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5. ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 4 போதும். ஒரு டிவியில் 4கே, இன்னொன்றில் எச்டி, ஒருவர் ஆபீஸ் மீட்டிங்கில், மற்றவர்கள் போனில் ரீல்ஸ் என்று வைத்தாலும் மொத்தம் 35ஐ ஒட்டித்தான் வரும். நாலு பேர் குடும்பத்துக்கு 40, 50 எம்பிபிஎஸ் தாராளம். வீட்டில் எல்லா டிவியும் ஓடும்போது இருவர் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருப்பார்கள், பெரிய கேம் டவுன்லோடு, வீடியோ எடிட்டிங் என்றால் 100 எடுங்கள். அதற்கு மேல் வாங்குவதற்குக் காரணம் உங்களிடம் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. டவுன்லோடு ஆகும்போது திரையில் வருவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

அன்லிமிடெட் என்று சொன்னாலும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்ற உச்சவரம்பு இருக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி எடுக்கும் என்று வைத்தால், ஒரு டிவி 30 நாளும் இரவு பகலாக ஓடினாலும் 2,160 ஜிபிதான். ஆனால் சில உள்ளூர் பிளான்களில் வரம்பு இதைவிட ரொம்பவே குறைவாக இருக்கும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வரம்பு முடிந்ததும் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேளுங்கள். அப்லோடு வேகத்தையும் மறக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் வீடியோ ஏற்றுகிறவர்களுக்கும் டவுன்லோடுக்குச் சமமான அப்லோடு தரும் பிளான் வேண்டும்.

படி 3: உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

மொபைல் ரீசார்ஜ் விலையில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். ஃபைபர் விளம்பரத்தில் பெரும்பாலும் அடங்கியிருக்காது. 18 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 399 என்பது கிட்டத்தட்ட 471 ஆகும். 499 என்பது 589. 699 என்பது 825. அதோடு இன்ஸ்டலேஷன் கட்டணம், மோடத்துக்கான டெபாசிட், கம்பத்திலிருந்து வீடு தூரமாக இருந்தால் கூடுதல் வயருக்கான காசு என்று கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு ஆகும் எல்லாவற்றையும் சேர்த்து 12ஆல் வகுத்து மாதச் செலவை எடுத்தால்தான் இரண்டு பிளான்களை ஒப்பிட முடியும்.

இன்னொரு பக்கக் கணக்கையும் போடுங்கள். இதைப் பல வீடுகளில் போடுவதே இல்லை. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் ரீசார்ஜ் ஜியோவில் 299 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதால் வருஷத்துக்கு 13 முறை போட வேண்டும். ஒரு போனுக்கு 3,887 ரூபாய். நாலு போனுக்கு 15,548. வீட்டில் ஃபைபர் வந்த பிறகு பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போன்களுக்குத் தினசரி டேட்டா எதற்கு? ட்ராய் உத்தரவால் 2025 ஜனவரி முதல் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான டேட்டா இல்லாத ரீசார்ஜ்களை கம்பெனிகள் கொண்டுவந்தன. இரண்டு போன்களை அதற்கு மாற்றினாலே ஃபைபர் செலவில் நல்ல பகுதி திரும்பி வந்துவிடும். மாதம் 471 ரூபாய் கூடுதல் சுமையாகத் தெரியும் குடும்பத்துக்கு, இந்த மாற்றம்தான் ஃபைபரைக் கட்டுப்படியாக்கும்.

ஓடிடி சேர்ந்த பிளான் எடுக்கும் முன், அதில் எதை நிஜமாகவே பார்ப்பீர்கள் என்று யோசியுங்கள். பார்க்காத ஆறு ஆப்புகளுக்காக மாதம் 200, 300 கூடுதலாகக் கட்டுவது வீண்.

முதல் தடவையே ஒரு வருஷத்துக்குக் கட்டச் சொல்வார்கள். ஒன்றிரண்டு மாதம் இலவசம் என்பார்கள். நான் சொல்வது, முதலில் மூன்று மாதம் கட்டுங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பிறகு வருஷப் பிளானுக்குப் போகலாம். மொபைலில் நம்பரோடு கம்பெனி மாறுவதுபோல வீட்டு பிராட்பேண்டில் மாற முடியாது. பழையதை விட்டுப் புதியதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஆகவே முன்பணம் பெரிதாக இருந்தால் மோசமான சர்வீஸோடு மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: வயர் இழுக்கும் நாள்

இந்த ஒரு நாளில் வீட்டில் இருங்கள். ஆபீஸுக்கு லீவு போட்டாலும் தப்பில்லை. இன்றைக்குச் சரியாகச் செய்தால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு நிம்மதி.

வருபவர்கள் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, வீட்டு முன்பக்கம் எந்த ஓட்டை கண்ணில் படுகிறதோ அதன் வழியாக உள்ளே கொண்டுவந்து, வாசல் பக்கத்துப் பிளக் பாயின்ட்டில் மோடத்தை மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும். குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வீடுகள் முன்னால் ஹால், நடுவில் சமையலறை, பின்னால் படுக்கையறை என்று நீளமாக இருக்கும். வாசலில் மோடம் இருந்தால் பின் அறைக்கு வைஃபை எட்டாது. ஆகவே முந்தின நாளே மோடம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், பக்கத்தில் பிளக் பாயின்ட் உள்ள இடம். ஃபைபரை வீட்டுக்குள் இன்னும் 15 மீட்டர் இழுப்பதால் சிக்னல் குறையாது. அன்றைக்குச் சொன்னால் செய்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

வயரை மூலையில் மடக்கும்போது கவனியுங்கள். உள்ளே இருப்பது தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை. கதவிடுக்கில் நசுங்கினாலோ கூர்மையாக மடிந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஒளி கசிந்துவிடும். ஜன்னல் கதவு மூடும் இடத்தில் வயரை விடவே கூடாது. மிச்ச வயரைக் கைமுட்டி அளவுக்கு இறுக்கிச் சுற்றாமல், சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு இழைகளின் நுனிகளை ஒட்டும் வேலை. இதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். டெக்னீஷியன் கறுப்பு உறையை உரித்து, அதற்குள் இருக்கும் வண்ண மேல்பூச்சையும் சுரண்டி எடுப்பார். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் இழையைத் துடைக்கும்போது சன்னமாகக் கீச்சென்று சத்தம் வரும். அது வந்தால் சுத்தமாகிவிட்டது. கிளீவர் என்ற சின்னக் கருவியில் வைத்து ஒரு தட்டு, நுனி நேராக வெட்டுப்படும். ஸ்ப்ளைசிங் மெஷினின் திரையில் இரண்டு நுனிகளும் எதிரெதிரே பெரிதாகத் தெரியும். மெஷினே அவற்றை நேர்ப்படுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். மேலே ஒரு சிலீவை நகர்த்திச் சூடாக்கினால் முடிந்தது. வெட்டித் தரையில் போட்ட கண்ணாடித் துணுக்குகளை அவரிடமே டேப்பில் ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாது, காலில் குத்தினால் எடுப்பது சிரமம். குழந்தைகள் தவழும் வீடு என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வயர் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

கடைசியாக அவர் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் மாட்டிப் பார்ப்பார். அப்போது "பவர் எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். "மைனஸ் 19", "மைனஸ் 21" என்பது போலச் சொல்வார். டிபிஎம் என்ற அலகில் உள்ள எண் அது. வீட்டு ஃபைபரில் வழக்கமாக வரும் ஜிபான் வகை மோடம் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை வேலை செய்யும். மைனஸ் 15லிருந்து 23 வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 25ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடும். கொஞ்ச நாளில் ஒரு கனெக்டரில் தூசி படிந்தாலே விட்டுவிட்டு வரத் தொடங்கும். மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். இதற்குத் தூரம் காரணமாக இருப்பது குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு இந்த எண்ணில் 0.35 டெசிபல்தான் இழப்பு. எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றே சுமார் 10 டெசிபல் எடுத்துவிடும். மிச்சமெல்லாம் மடிப்பிலும் அழுக்குக் கனெக்டரிலும் அவசர ஒட்டிலும் போவது. ஆகவே எண் சரியில்லை என்றால் "மறுபடி ஒட்டிப் பாருங்க" என்று மரியாதையாகக் கேட்கலாம். வந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் கோளாறு வரும்போது இதுதான் உங்கள் கையிலிருக்கும் ஆதாரம்.

படி 5: வீட்டுக்குள் வைஃபை

"ஃபைபர் ஸ்லோ" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் வைஃபை கோளாறு. லேப்டாப்பை மோடத்தில் லேன் கேபிளால் நேரடியாக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் செய்யுங்கள். அதில் முழு வேகம் வந்தால் கம்பெனி தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சம் உங்கள் வீட்டுக்குள். 200 எம்பிபிஎஸ் பிளானில் எப்போதும் 94, 95லேயே நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ நாலு கம்பி மட்டும் கிரிம்ப் செய்த கேபிளோ இருக்கிறது. எட்டுக் கம்பியும் இணைத்த கேட்5இ வகைக் கேபிள் 1,000 எம்பிபிஎஸ் வரை தாங்கும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று முக்கியமாக இரண்டு அலைவரிசைகள் உண்டு. முதலாவது சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதிலேயே முட்டிமோதும். இரண்டாவது வேகம், ஆனால் ஒரு கான்கிரீட் சுவரிலேயே களைத்துவிடும். மலிவான பிளான்களோடு தரும் மோடம்களில் சில 2.4 மட்டும் உள்ளவை. நெருக்கமான தெருவில் அது 30, 40ஐத் தாண்டத் திணறும். இரண்டு அலைவரிசையும் உள்ள டூயல் பேண்ட் மோடம் தருவீர்களா என்று கனெக்‌ஷன் எடுக்கும் முன்பே கேளுங்கள். 399 பிளானுக்கும் 699 பிளானுக்கும் வரி சேர்த்து வருஷத்துக்கு 4,248 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல டூயல் பேண்ட் ரூட்டர் வாங்கிவிடலாம். பல வீடுகளில் பிளானை உயர்த்துவதைவிட அது அதிகம் பலன் தரும்.

மோடத்தை டிவிக்குப் பின்னாலும் ஸ்டீல் பீரோவுக்கு மேலும் வைக்காதீர்கள். இரும்பு சிக்னலை அப்படியே மறித்துவிடும். மாடி வீட்டுக்கு ஒரு லேன் கேபிளை மேலே கொண்டுபோய், அங்கே இரண்டாவது ரூட்டரை, கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டாக வையுங்கள். பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர்களில் பல வேகத்தைப் பாதியாக்கிவிடும் என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

டெக்னீஷியன் போனதும் வைஃபை பாஸ்வேர்டையும் மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பது வேண்டாம்.

படி 6: கரண்ட் போனால்

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் கரண்ட் இல்லாவிட்டாலும் அடித்தது. ஃபைபரில் வரும் போன் அப்படியில்லை. மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் இன்டர்நெட், போன் இரண்டும் போகும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று போதும். வாங்கும் முன் மோடம் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். யுபிஎஸ் அந்த ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

படி 7: லைன் போனால்

மோடத்தின் விளக்குகளே பாதி பதிலைச் சொல்லிவிடும். எல்.ஓ.எஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பயனில்லை; உடனே டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டிலும் சிவப்பா என்று கேட்டுச் சொன்னால், கோளாறு கம்பத்திலா உங்கள் வயரிலா என்று அவருக்கு வரும்போதே தெரிந்துவிடும். பான் (PON) என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிந்தும் இன்டர்நெட் இல்லையென்றால் வயர் நன்றாக இருக்கிறது. ரீசார்ஜ் முடிந்துவிட்டதா, மோடத்தின் லாகின் போய்விட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் போனிலேயே சரிசெய்துவிடுவார்கள்.

டெக்னீஷியனிடம் சொல்வதோடு நிறுத்தாமல் கம்பெனியின் கஸ்டமர் கேரிலும் பதிவு செய்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். நம்பர் இல்லாத புகார் நடக்கவே இல்லை என்றுதான் கணக்கு. அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமில்லாமல் முறையிடலாம். ட்ராயின் 2012 விதிமுறைப்படி 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய் தனிநபர் புகார்களை நேரடியாக எடுப்பதில்லை. அங்கே எழுதி நாட்களை வீணாக்க வேண்டாம். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால் கம்பெனியிடமிருந்து பெரும்பாலும் பதில் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்க முடியுமா என்ற கேள்விக்கு, விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எழுதி வைத்த பவர் எண், டாக்கெட் நம்பர்கள், ராத்திரி எடுத்த ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் அங்கே கைகொடுக்கும்.

கம்பெனி மாறுவதாக இருந்தால், புதிய கனெக்‌ஷன் வந்து ஒரு வாரம் ஓடிய பிறகு பழையதை நிறுத்துங்கள். நிறுத்தும் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள். மோடத்தை அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, சீரியல் நம்பர் குறித்த ரசீது வாங்குங்கள். டெபாசிட் திரும்பி வரும்வரை அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.